ஒன்று புள்ளி ஒன்று

நல்ல செய்தி கேட்டு எனக்குப் பயம் வந்தது அன்றைக்குத்தான்.

காலை எட்டரை மணி. சோதனை அறையில் நானும் ஷியே லானும் மட்டும் இருந்தோம். நூற்றைம்பது டிகிரிச் சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்து ஆறவிட்ட காந்தத்தை எடுத்து அளவு இயந்திரத்தில் வைத்தேன். சூட்டில் எவ்வளவு பலம் போயிருக்கிறது என்று அது சொல்லும். ஐந்து சதவீதம் வரை போகலாம், அதற்கு மேல் போனால் சரக்கு குப்பை. திரையில் 1.1 என்று வந்தது.

ஷியே லான் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

"அக்கா, மறுபடி வைங்க."

மறுபடி வைத்தேன். அதே 1.1.

"லாய் அக்கா! ஒண்ணு புள்ளி ஒண்ணு! நாலரை வந்தாப் போதும்னுதான் நான் சாமி கும்பிட்டேன்!" என்று குதித்தவள் செருப்பு ஒன்றை விட்டுவிட்டு முதலாளி அறைக்கு ஓடினாள். முப்பத்திரண்டு வயது இஞ்சினியர். ஒற்றைச் செருப்போடு ஓடுகிறாள்.

நான் ஓடவில்லை. எனக்குப் பிறவியிலேயே அந்தப் புத்தி கிடையாது. என் அம்மா சொல்வாள், மழை பெய்தால்கூட யாரோ வாளியால் ஊற்றுகிறார்களா என்று மேலே பார்ப்பேன் என்று. காந்தத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷமாகச் சோதனை பார்ப்பவளுக்கு அந்தப் புத்திதான் சோறு போடுகிறது.

எங்கள் கான்ஜோவ் ஊரில் மூன்று பேரில் ஒருவர் ஆரஞ்சுத் தோட்டத்தில் இருப்பார், இன்னொருவர் மண்ணில் இருப்பார். மண் என்றால் அருமண், அரிதாகக் கிடைக்கும் உலோகங்கள் உள்ள மண். மோட்டார் காரின் காந்தத்துக்கு அதுதான் உயிர். காந்தத்துக்குச் சூடு ஆகாது, மோட்டாருக்குள் வெந்தால் பலம் போய்விடும். ஊறுகாய்க்கு உப்புப் போல அதில் டிஸ்ப்ரோசியம் என்ற அருமண் உலோகம் கொஞ்சம் சேர்த்துவிட்டால் எந்தச் சூட்டுக்கும் அசையாது. இத்தனை வருஷமும் சேர்த்தோம், கப்பலில் ஏற்றினோம், பிழைத்தோம்.

ஏப்ரல் மாதம், கல்லறை கும்பிடப் போன விடுமுறை நாளில் அரசாங்க ஆணை வந்தது. டிஸ்ப்ரோசியம் கலந்த எதுவும் உரிமம் இல்லாமல் நாட்டை விட்டுப் போகக் கூடாது. உரிமம் கேட்டு விண்ணப்பித்தோம். அது வரும் வரும் என்று கிடங்கில் சரக்கின்மேல் தூசி படிந்தது. வெளிநாட்டில் விலை மூன்று மடங்கு ஏறியதாகச் சொன்னார்கள். ஏறி என்ன, விற்க முடியாதவனுக்கு விலை எதற்கு? பாதி ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார் முதலாளி லியாவ்.

அப்போதுதான் ஷியே லான் தன் சூத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். டிஸ்ப்ரோசியமே வேண்டாம், பொடியை இன்னும் நைசாக அரைக்கலாம், செம்பும் காலியம் என்ற உலோகமும் துளி சேர்க்கலாம், சூட்டைத் தாங்கும் என்றாள். சிரித்தார்கள். மூன்று மாதம் உலைக்கும் அரைவைக்கும் நடுவில் படுத்துக் கிடந்து 4.6 கொண்டுவந்தாள். சிரித்தவர்கள் வாயை மூடினார்கள். ஜெர்மனி மோட்டார் கம்பெனி ஒன்று, திங்கட்கிழமைக்குள் காந்தம் வராவிட்டால் தங்கள் ஆலை நின்றுவிடும் என்று அழாத குறையாக ஆர்டர் கொடுத்தது. அந்தச் சரக்குத்தான் அன்று மாலை ஐந்து மணிக்கு லாரியில் குவாங்ஜோவ் விமான நிலையம் போக வேண்டும்.

போவதற்கு ஒரு தாள் வேண்டும். 'இதில் கட்டுப்பாட்டுப் பொருள் எதுவும் இல்லை' என்று உறுதி சொல்லும் தாள். முதல் கையெழுத்து சோதனை அறைத் தலைவி லாய் யின்ஹுவா. அதாவது நான். பொய் என்று தெரிந்தால் கையெழுத்துப் போட்ட ஆளைத்தான் பிடிப்பார்கள். சுங்கத்தில் பெட்டியை உடைத்து, காந்தத்தை அமிலத்தில் கரைத்தே பார்க்கிறார்கள்.

நான் அந்த 1.1 காந்தத்தின் உறையைப் பார்த்தேன். 5-20 என்று எழுதியிருந்தது. ஐந்தாவது ஈடு, இருபதாவது பெட்டி. உலையில் ஒரு தடவைக்குக் காந்தம் அடுக்கிய நாற்பது உலோகப் பெட்டி ஏற்றி வேகவைப்பது ஒரு ஈடு. அந்த ஆர்டருக்கென்றே புதுப் பெட்டி வாங்கிப் பன்னிரண்டு ஈடு எடுத்திருந்தோம். அதே ஐந்தாவது ஈட்டில் வேறு இரண்டு பெட்டியிலிருந்து எடுத்த காந்தம் 4.6, 4.7 காட்டியது. ஒரே பொடி, ஒரே உலை, ஒரே நாள். ஒன்று மட்டும் எப்படி வீராதி வீரன் ஆனது?

யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் காந்தத்தை உடைத்து அமிலத்தில் போட்டேன். கரைந்து முடிவு வர மூன்று மணி நேரம்.

அந்த மூன்று மணி நேரமும் தொழிற்சாலை திருவிழாவாக இருந்தது. முதலாளி ஷாங்காயில் இருக்கும் ஜெர்மன் கம்பெனி ஆளிடம் போனில் "ஒன் பாயிண்ட் ஒன்!" என்று கத்தியது சோதனை அறை வரைக்கும் கேட்டது. வாசலில் வெடிச் சரத்தைக் கட்டினார்கள். லாரியின் கண்ணாடியில் சிவப்புத் துணி முடிந்தார்கள். யாரோ எனக்கு ஒரு கோப்பை எள்ளு டீ கொண்டுவந்து வைத்தார்கள். அது ஆறிப் பால்கட்டி மாதிரி ஆனது. நான் அமிலக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு முடிவு வந்தது. டிஸ்ப்ரோசியம் இருந்தது. அதிகம் இல்லை, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது.

ஷியே லானின் பொடியில் அது கிடையாது. அரைவை இயந்திரத்தைக் கழுவியதை நானே பார்த்தேன். மிச்சம் இருப்பது உலை. உலைக்குத் தலைமை மேஸ்திரி சோங் ரென்ஷெங். என் புருஷன்.

உலைக் கூடத்தில் சாப்பாட்டு நேரம். அவர் மின்விசிறிக்கு நேரே குந்தி உட்கார்ந்து மிளகாய் போட்ட அரிசி நூடுல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வலது தோளில் ஒட்டியிருந்த மருந்துப் பட்டையின் கற்பூர வாசனை நூடுல்ஸ் வாசனையையும் மீறி அடித்தது. ஏசிக் காத்து பிடித்துக்கொண்டது என்று இரண்டு மாதமாக ஒட்டுகிறார். எங்கள் வீட்டில் ஏசி இல்லை. அதை அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

"ஏங்க, பெட்டியெல்லாம் புதுசுதானே ஏத்தினீங்க?"

"பின்ன? நீதானே கூட நின்னு எண்ணி வாங்கினே."

"நாப்பதும் புதுசா?"

சாப்பிடும் குச்சி ஒரு நொடி நின்றது. பதினேழு வருஷக் கல்யாணத்தில் ஒரு நொடி போதும்.

"எண்ணினதை எண்ணிட்டே இருப்பியா? போய்ச் சாப்பிடு."

"இருபதாம் நம்பர் என்னங்க?"

கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அது ஒண்ணும் இல்ல. புதுப் பெட்டி அடி பிடிக்கும்னு உனக்கே தெரியும். நடுவுல பழசு ஒண்ணு வெச்சாத்தான் மத்தது ஒழுங்கா வேகும். எந்த மேஸ்திரியும் பண்றதுதான்."

"பழசுன்னா?"

"பழசுன்னா பழசு. எட்டு வருஷமா ஓடின பெட்டி."

எட்டு வருஷம் டிஸ்ப்ரோசியம் பூசிய காந்தத்தை வேகவைத்த பெட்டி. உலோகச் சுவரெல்லாம் அது ஊறிப்போய் இருக்கும். தொள்ளாயிரம் டிகிரியில் திரும்ப ஆவியாகி உள்ளே இருக்கிற காந்தத்தில் ஏறியிருக்கிறது. மீன் வறுத்த சட்டியில் பால் காய்ச்சின கதை. காய்ச்சினது என் வீட்டுக்காரர், மணக்குது மணக்குது என்று ஊரே கும்மாளம் போடுகிறது.

"அதுல டிஸ்ப்ரோசியம் வந்துருக்கு. நான் கரைச்சுப் பாத்துட்டேன்."

சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எவ்வளவு இருக்கும்? துளியா?"

"துளியோ தொட்டியோ, இருக்குன்னா இருக்குதான்."

"நாப்பதுல ஒண்ணு. சுங்கத்துக்காரன் ஏதோ ஒண்ணை எடுப்பான், அது சரியா அந்த ஒண்ணா இருக்கணுமா? நீ பாக்கலைன்னு வெச்சுக்க, யின்ஹுவா. எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க."

"அந்தத் தாள்ல யார் பேர் போடறாங்க தெரியுமா? மாட்டினா ஜெயிலுக்குப் போறது நான்."

"சொன்னா வீட்டுக்குப் போறது நான்! ஏற்கெனவே பாதிப் பேரை முதலாளி அனுப்பிட்டான். எந்தச் சாக்குக் கிடைக்கும்னு பாத்துட்டு இருக்கான். நாப்பத்தெட்டு வயசுல என்னை எந்த உலைக்காரன் எடுப்பான்?"

உலையைத் தவிர அந்த மனுஷனுக்கு வேறு எதுவும் தெரியாது. கதவின் சத்தத்தை வைத்தே உள்ளே என்ன சூடு என்று சொல்வார். இருபத்தேழு வருஷத்தில் ஒரு பெட்டியைக் கைதவற விட்டதில்லை என்று கல்யாண வீடுகளில்கூடச் சொல்லிக்கொள்வார். எனக்கு அழுகை வந்தது. கோபம் அதைவிட அதிகமாக வந்தது. பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? ஒரே மேஜையில்தானே சாப்பிடுகிறோம்?

"நான் சொல்லத்தான் போறேன்," என்றேன். அவர் கிண்ணத்தை எடுக்கவில்லை, என்னைப் பார்க்கவுமில்லை.

முதலாளி அறையில் ஷியே லானை நடு நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். முதலாளி லியாவ் டீக் கோப்பையைத் தூக்கிப் பிடித்து, "இந்தப் பொண்ணு நம்ம குலதெய்வம்!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் முடிவுத் தாளை மேஜையில் வைத்தேன்.

"அந்த ஒண்ணு புள்ளி ஒண்ணு நம்ம சூத்திரம் இல்ல, முதலாளி. பழைய பெட்டியிலிருந்து டிஸ்ப்ரோசியம் ஏறியிருக்கு."

முதலாளி தாளை இரண்டு தடவை படித்தார். சிவப்பான மனுஷர் இன்னும் சிவந்தார். "காலையிலதான் ஜெர்மன்காரன்கிட்ட கத்தினேன்! என் மானத்தை எந்த மடையன் வாங்கினான்? எவன் வெச்சான் பெட்டியை? பேரைச் சொல்லு!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொல்லாமல் சமாளிக்க வழி இருந்ததா என்று இன்றைக்கும் சில நாள் யோசிக்கிறேன்.

"சோங் ரென்ஷெங். என் வீட்டுக்காரர்."

ஷியே லான்தான் முதலில் பேசினாள். சின்னக் குரல்.

"அப்போ என்னோடது நாலு புள்ளி ஆறுதானா, அக்கா?"

"நாலு புள்ளி ஆறு. ஆனா அது உன்னோடது. யார்கிட்டயும் கடன் வாங்கினது இல்ல."

அவள் தலையாட்டினாள். கண்ணீர் டீக் கோப்பைக்குள் விழுந்தது. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கட்டிக்கொள்ளவில்லை. நேரம் பன்னிரண்டே முக்கால்.

என் புருஷனைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். எல்லா ஈட்டிலும் இருபதாம் இடத்தில்தான் பழசு வைப்பேன், வேறு எங்கும் இல்லை என்றார். முதலாளி அவரைக் கேட்ட கேள்விகளை நான் எழுதப்போவதில்லை. நாய்கூட அவ்வளவு வசை வாங்கியிருக்காது. அவர் தலையைக் குனிந்துகொண்டே நின்றார். கடைசியில், "உன் கதையை லாரி போனதுக்கப்புறம் பேசிக்கறேன்" என்று முதலாளி அனுப்பிவிட்டார்.

லாரியிலிருந்து சரக்கை இறக்கினோம். பன்னிரண்டு ஈட்டிலிருந்தும் இருபதாம் பெட்டியின் காந்தக் கட்டுகளைப் பொறுக்கி எடுத்தோம். மிச்சத்தில் ஈட்டுக்கு ஒரு காந்தம் என்று பன்னிரண்டை உடைத்து அமிலத்தில் போட்டேன். இன்னொரு மூன்று மணி நேரம். முதலாளி ஷாங்காய்க்குப் போன் போட்டார். இந்தத் தடவை கத்தவில்லை. "ஒன் பாயிண்ட் ஒன் இல்லீங்க, நாலு புள்ளி ஆறு," என்று பள்ளிக்கூடப் பையன் மாதிரிச் சொன்னார். அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். போனை வைத்துவிட்டு, "அஞ்சுக்குள்ள இருந்தா அனுப்புன்னுட்டான். அவனுக்கு வேற கதி இல்ல, நமக்கும் இல்ல," என்றார்.

நாலரைக்கு முடிவுகள் வந்தன. ஒன்று, இரண்டு என்று பன்னிரண்டும் சுத்தம். ஒன்பதாவது ஈட்டின் காந்தத்தைப் பார்க்கும்போது எனக்கு எந்தப் படபடப்பும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். என் மூக்கு எல்லாவற்றையும் மோப்பம் பிடித்துவிடும் என்று நினைத்துக்கொள்பவள் நான்.

சரக்கை மறுபடி ஏற்றி லாரிக் கதவுக்கு முத்திரைக் கம்பி போட்டார்கள். மணி நாலே முக்கால். ஓட்டுநர் இஞ்சினைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் ஒருவன் தீக்குச்சியோடு வெடிச் சரத்தின் கீழே காத்திருந்தான்.

லாரியின் பக்கவாட்டில் தாளை வைத்து நான் கையெழுத்துப் போட்டேன். லாய் யின்ஹுவா. இரண்டாவது கையெழுத்து உலை மேஸ்திரி. மூன்றாவது முதலாளி.

தாள் என் புருஷன் கைக்குப் போனது. அவர் எந்தத் தாளையும் படித்துக் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. யார் முதுகு கிடைக்கிறதோ அதில் வைத்துக் கிறுக்கிவிட்டுப் போவார். அன்றைக்குப் படித்தார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"என்னய்யா, கல்யாணப் பத்திரிகையா படிக்கறே? போடு!" என்று முதலாளி கத்தினார்.

அவர் விரல் கீழே இறங்கி என் பெயரில் வந்து நின்றது. அங்கேயே நின்றது. பேனா மூடியைத் திறந்தார், மறுபடி மூடினார்.

"சோங், மணி என்ன தெரியுமா?"

"இன்னொண்ணு இருக்கு, முதலாளி."

யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

"ஒன்பதாவது ஈடு. முப்பத்திமூணாம் நம்பர். அதுவும் பழசுதான்."

"மத்தியானம் இருபதுதான்னு சொன்னியே! வேற எங்கயும் இல்லைன்னு சத்தியம் பண்ணியே!"

"சொல்ல வாய் வரல." அவர் முதலாளியிடம் பேசவில்லை, என்னைப் பார்த்துத்தான் பேசினார். "அங்க வெக்க இருந்தது புதுசுதான். ஏத்தும்போது கை நழுவிக் கீழ விழுந்து வாய் வளைஞ்சு போச்சு. யாரும் பாக்கல. அவசரத்துக்குப் பழசை எடுத்து வெச்சுட்டேன். ரெண்டு மாசமா வலது கை தோளுக்கு மேல போக மாட்டேங்குது, யின்ஹுவா. சொன்னா உலையை விட்டு எடுத்துடுவாங்கன்னு சொல்லல."

வெடிக்காரன் கையில் தீக்குச்சி எரிந்து விரலைச் சுட்டது. "ஐயோ" என்று உதறினான்.

நான் தாளைப் பார்த்தேன். என் பெயரின் மை இன்னும் காயவில்லை. பன்னிரண்டும் சுத்தம் என்று நான் எழுதியிருந்தேன். அவர் வாயை மூடிக்கொண்டு ஒரு கிறுக்குக் கிறுக்கியிருந்தால் அவர் மானம் தப்பித்திருக்கும், லாரி போயிருக்கும், நானும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். அப்புறம் எத்தனை நாள் நிம்மதியோ.

முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கையை மட்டும் காட்டினார். கதவைத் திற என்று அர்த்தம்.

முத்திரைக் கம்பியை நானே வெட்டினேன். லாரிக்குள் ஏறி, அட்டைப் பெட்டிகளை நகர்த்தி, ஒன்பதாவது ஈட்டைத் தேடி, 9-33 என்று எழுதிய கட்டைக் கண்டுபிடித்தேன். செங்கல் கனம் இருந்தது. வெளியே திரும்பினபோது என் புருஷன் கீழே நின்றுகொண்டிருந்தார். வாங்கிக்கொள்ள இடது கையை நீட்டினார்.